டின் பாலும் காரப்பொடி மீனும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை சிதம்பரத்தில் ஒரு ஓட்டப் பந்தயம் பார்த்தேன். மூன்று மைல். மைதானத்தைச் சுற்றிப் பன்னிரண்டு சுற்று. ஓடியவர்கள் இருபத்திரண்டு பேர். வேடிக்கை பார்த்தவர்கள் அதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி.

நான் பந்தயம் பார்க்கிற ஆசாமி இல்லை. கூட்டம் என்றாலே பின்னால் ஒதுங்கி நிற்க எனக்கு ஒரு மரம் வேண்டும். ஆனால் ஓடியவர்களில் ஒருவன் என் மச்சான் கலியபெருமாள். என் மனைவி அஞ்சலையின் தம்பி. ரயில்வேயில் ஓட்டக்காரர்கள் மூன்று பேரைப் பொறுக்கி எடுக்கிறார்கள் என்று சேதி வந்திருந்தது. ஓட்டத்துக்காக எடுத்தாலும் கொடுப்பது கலாசி என்கிற எடுபிடி வேலை. நிரந்தர வேலை. வயது இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும்.

கலியபெருமாளுக்கு வருகிற தை மாதத்தோடு இருபத்தைந்து முடிகிறது.

ஆக, அவனுக்கு இதுதான் முதல் தடவை. இதுதான் கடைசித் தடவையும்.

பந்தயம் எப்படி முடிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு டின்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கலியபெருமாளின் சொந்த ஊர் புவனகிரி. அம்மா அங்கே தனியாக இருக்கிறார்கள். இவன் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டோடு இருக்கிறான். கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய பட்டினத்தில், நான் குமாஸ்தாவாக இருக்கிற அதே வேர்க்கடலை மண்டியில் அவனுக்கும் எடை போடுகிற வேலை. கடலை வருகிற மாதங்களில் மட்டும் வேலை. மற்ற மாதங்களில் வாசலில் நின்று போகிற வருகிற வண்டிகளைப் பார்க்கிற வேலை. ரயில்வேயில் இடம் கிடைத்தால் அம்மாவைக் கூட்டி வந்து தன்னோடு வைத்துக்கொள்ளலாம் என்பது அவன் எண்ணம். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம் ஒருமுறை சொன்னான். நான் பிறரிடம் எதையும் சொல்ல மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும்.

தினமும் விடிந்ததும் கெடிலத்துப் பாலத்தில் ஆரம்பித்துத் திருவந்திபுரம் மலைப்படி வரை ஓடுவான். ஏறக்குறைய மூன்று மைல். பின்னாலேயே நான் சைக்கிளில் போவேன். கையில் கடிகாரம். ஓடுகிறவன் இளைக்க மாட்டான். எனக்குத்தான் மூச்சு வாங்கும். படிக்கட்டில் கால் வைத்ததும் திரும்பிப் பார்ப்பான். நான் நேரத்தைச் சொல்வேன். பதினாறே முக்கால் நிமிஷம், பதினாறரை… நல்ல நாளில் பதினாறே கால் கூட உண்டு.

என்ன சாப்பிட்டு இப்படி ஓடினான்? விசேஷமாக ஒன்றுமில்லை. காலையில் கேழ்வரகுக் கூழ். பத்து மணிக்கு மண்டியில் ஒரு கை மல்லாட்டை — எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். மத்தியானம் சோறும் மீன் குழம்பும். தேவனாம்பட்டினத்திலிருந்து கூடைக்காரம்மா வருவாள். கவலை மீனோ காரப்பொடியோ எது மலிவோ அது. ராத்திரிக்குப் பருப்பு, இல்லாவிட்டால் ஒரு முட்டை. ரேஷன் காலத்தில் சோறுதான் அளவாக இருந்தது. மீனுக்கு ரேஷன் கிடையாது.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஒரு விஷயத்தில் நான் புகுந்தேன்.

இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில் ஒரு விளம்பரம். அரை நிஜார் போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் நிற்கிறான். தோள் இரண்டும் பூசணிக்காய் போல இருக்கின்றன. கையில் ஒரு தம்ளர். பாலிலிருந்து எடுத்த புரோட்டீன் பவுடராம். விளையாட்டு வீரர்களுக்கு அவசியமாம். என் பள்ளிக்கூடத்து இங்கிலீஷுக்கு அவ்வளவுதான் எட்டியது. பூசணிக்காய்த் தோளுக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை.

மண்டி வேலையாகச் சிதம்பரம் போனபோது கீழ வீதிக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு டாக்டரிடம் போய்க் கேட்டேன். யுத்தத்தில் பட்டாள ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். எத்தனை சோல்ஜர்களுக்குத் தீனி போட்டுத் தேற்றியவர்! அவருக்குத் தெரியாதா?

டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். ஓடுகிறவனுக்குத் தசை தேயும். தேய்ந்ததைத் திரும்பக் கட்டச் சாமான் வேண்டும். வீட்டுக்குச் செங்கல் மாதிரி உடம்புக்குப் புரோட்டீன். பாலில் இருப்பது உயர்ந்த ரகம். பாலில் கொழுப்பையும் தண்ணீரையும் எடுத்துவிட்டு இப்படிப் பொடியாக டின்னில் அடைத்து விற்கிறார்கள். காலையில் ஓடிவிட்டு வந்ததும் இரண்டு ஸ்பூன், சாயந்திரம் இரண்டு ஸ்பூன், வெந்நீரில் கரைத்துக் கொடுங்கள் என்றார். டின் எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார்.

அந்த இடத்தில் நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். மற்ற சாப்பாடு எப்படி என்று. கேட்கவில்லை. எனக்குப் பின்னால் பத்துப் பேர் காத்திருந்தார்கள். ஒருவர் என் பிடரியிலேயே இருமிக்கொண்டிருந்தார். நோயாளியும் இல்லாமல், நோயாளியைக் கூட்டியும் வராமல், இன்னொருவன் ஓட்டத்துக்காக வந்து உட்கார்ந்திருக்கிற எனக்கு இதற்கு மேல் என்ன பாத்தியதை? கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

டின் விலையைச் சொன்னால் நீங்கள் இந்தப் பக்கத்தை மூடிவிடுவீர்கள். சொல்லவில்லை.

வீட்டில் டின்னுக்கு நல்ல வரவேற்பு. அஞ்சலை அதைத் துடைத்து சாமி மாடத்துக்குக் கீழே வைத்தாள். லேபிளில் ஒரு பசுமாடு இருந்தது. பொழுது சாய்கிற நேரம் பாருங்கள், மாட்டுக்குக் கொஞ்சம் குங்குமம்கூட வைத்தாள்.

அப்புறம் என்னிடம் கேட்டாள்:

“பத்தியம் என்னா சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல.”

“சொல்லலியா, நீங்க கேக்கலியா?”

இருபத்திரண்டு வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

“அவுங்களுக்கு ஆயிரம் ஜோலி. ஒவ்வொருத்தரா ஒக்கார வச்சு பத்தியம் சொல்லிக்கிட்டு இருப்பாங்களா? இது கூடவா நமக்குத் தெரியாது?”

நமக்குத் தெரியும். அதுதான் சங்கடம். நம்மவர்களுக்கு மருந்து எது என்பதில் சந்தேகம் வரலாம். பத்தியம் எது என்பதில் வரவே வராது. டாக்டர் சீட்டெழுதிக் கொடுத்து, கடையில் வாங்கி, ஸ்பூன் கணக்கில் சாப்பிடுகிற ஒரு வஸ்து வேறென்ன? மருந்துதான். மருந்தென்றால் எதையாவது விட்டாக வேண்டும். ஒன்றையும் விடாமல் சாப்பிடுகிற மருந்து எப்படி வேலை செய்யும்? அதற்கு நம்மேல் மரியாதை வேண்டாமா?

முதலில் போனது மீன். பாலோடு மீன் சேரக்கூடாது. சேர்ந்தால் உடம்பில் வெள்ளைத் திட்டு விழும். இதை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். ஆனால் அஞ்சலை கேட்டு நம்பினவள் இல்லை. அவளுடைய பெரியப்பா மகள் ஒருத்திக்கு உதட்டோரம் வெள்ளை விழுந்து, நிச்சயமான கல்யாணம் நின்றுபோயிற்று. ஒரு விருந்தில் மீனும் பாயசமும் ஒரே இலையில் சாப்பிட்டதால் வந்தது என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பெண் கடைசிவரை கல்யாணம் இல்லாமலே இருந்தாள். தம்பிக்கு அப்படி ஒன்று வரலாமா?

முட்டை சூடு. போயிற்று. பருப்பு வாயு. போயிற்று. மல்லாட்டை பித்தம் — மண்டியிலேயே இருக்கிறவன், தெரியாமல் தின்றுவிடப் போகிறான் என்று என்னைக் காவல் வைத்தாள். கத்தரிக்காய் கரப்பான், சொறி வரும். மோர் குளிர்ச்சி. பாகற்காய் மருந்தை முறிக்கும்.

மீந்தது காலைக் கஞ்சி, சோறு, மிளகு ரசம், சுட்ட அப்பளம்.

எத்தனை நாள்? நாற்பத்தெட்டு நாள், ஒரு மண்டலம். அதற்கு மேல் மறுபத்தியம் என்று ஒன்று உண்டு. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாள். நல்லவேளை, பந்தயம் ஐம்பத்திரண்டாம் நாள் வந்தது.

அக்கா பேச்சைக் கலியபெருமாள் தட்டியதில்லை. பவுடரை அவள் வெந்நீரில் கொட்டிக் கலக்குவாள். அது கட்டி கட்டியாக நிற்கும். சுண்ணாம்புச் சுவர் நனைந்த மாதிரி ஒரு வாசனை. கண்ணை மூடிக்கொண்டு குடிப்பான். மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதை அரை மணி நேரம் நாக்கால் துழாவிக்கொண்டிருப்பான்.

முதல் வாரம் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாம் வாரம் பதினாறே முக்கால். மூன்றாம் வாரம் பதினேழேகால்.

கடிகாரம் ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தேன். ஓடிற்று.

வீட்டில் சொன்னேன். அஞ்சலை கலங்கவில்லை. மருந்து உள்ளே போனால் முதலில் கெட்டதையெல்லாம் வெளியே வாங்கும். அப்போது ஆள் வாடத்தான் செய்வான். அப்புறம் பாருங்கள் என்றாள். பக்கத்து வீட்டு அம்மாளும் அதையே சொன்னார்கள். அவர்கள் வீட்டில் யாருக்கோ லேகியம் கொடுத்தபோது எழுந்திருக்கவே முடியாமல் போய்விட்டதாம். அப்புறம் சிங்கம் போல ஆகிவிட்டாராம். சரி, நம்முடையவனுக்கு வாங்குவது கொஞ்சம் மெதுவாக இருக்கிறது, இரண்டு ஸ்பூனை நாலாக்கு என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். நாலாயிற்று. வயிறு உப்பிக்கொண்டது. அதுவும் நல்ல அடையாளம் என்றே எடுத்துக்கொள்ளப்பட்டது.

எனக்குச் சந்தேகம் வரவில்லையா? வந்தது. ஆனால் சந்தேகம் வருவது வேறு, அதை வாய்விட்டுக் கேட்பது வேறு. சிதம்பரத்துக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கலாம். எழுத உட்கார்ந்தேன். ‘ஐயா அவர்களுக்கு’ என்று தொடங்கி, ‘தாங்கள் என்னை மறந்திருக்கலாம்’ என்று எழுதினேன். மறந்திருப்பவருக்கு எதற்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. கிழித்துவிட்டேன்.

நாற்பதாம் நாள் காலை. திருவந்திபுரம் மலைப்படிக்கு நான் முதலில் போய்ச் சேர்ந்தேன். அதுவரை ஒருநாளும் அப்படி நடந்ததில்லை. சைக்கிளை விட்டு இறங்கித் திரும்பிப் பார்த்தால், புளியமரத்து வளைவில் அவன் வந்துகொண்டிருக்கிறான். ஓடி அல்ல, நடந்து. வந்தவன் படியில் உட்கார்ந்தான். நேரம் என்ன என்று கேட்கவில்லை.

“மாமா, காலு என்னுது இல்ல போல இருக்குது.”

அவ்வளவுதான் சொன்னான். குறை சொல்லத் தெரியாதவன் சொன்னால் அதன் கனமே தனி. விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மலைமேல் மணி அடித்தது. பந்தயத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

அன்று மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு ரயிலேறினேன். ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது. கேட்கப் போகிற கேள்வியை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சிதம்பரம் வருவதற்குள் அது தேய்ந்து நாலு வார்த்தையாகிவிட்டது.

டாக்டர் வீட்டில் கூட்டம். என் முறை வந்தபோது பின்னால் வந்தவரை முன்னால் விட்டேன். அவருக்குப் பின்னால் வந்தவரையும் விட்டேன். கடைசியில் நான் ஒருவன்தான் மிச்சம். கூச்சத்துக்கும் ஒரு சௌகரியம் உண்டு பாருங்கள். டாக்டர் அவசரமில்லாமல் பேசினார்.

“ஓட்டக்காரனுக்கு டின் வாங்கினவர்தானே நீங்க? அவன் எப்படி இருக்கான்?”

மறக்கவில்லை. கிழித்துப்போட்ட கார்டு நினைவுக்கு வந்தது. ஓட்டம் குறைந்துவிட்டது, ஆளும் இளைத்துவிட்டான் என்று சொன்னேன். அவர் பேனாவைத் திறந்துகொண்டு, என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டார்.

“காலையில கஞ்சி.”

“மத்தியானம்?”

“சோறு, ரசம்.”

“ராத்திரி?”

“சோறு, ரசம்… அப்பளம்.”

“பருப்பு?”

“வாயுங்க.”

“முட்டை?”

“சூடு.”

“உங்க பக்கம் மீன் உண்டே?”

“பாலோட ஆவாதுன்னு நிறுத்திட்டோம்.”

“கடலை மண்டியில வேலைன்னு சொன்னீங்க. கடலையாவது…”

“பித்தம்.”

எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஒன்றுகூட என்னுடையதில்லை.

டாக்டர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

“நான் நாலு செங்கல் குடுத்து அனுப்பினேன். நீங்க வீட்டுல அடுக்கியிருந்த செங்கலை எல்லாம் வாரி வெளியில கொட்டிட்டு, இந்த நாலை வச்சுக் கட்டுன்னு சொல்லியிருக்கீங்க. பத்தியம் இருக்கச் சொல்லி நான் சொன்னேனா?”

“இல்லீங்க.”

“அப்போ கேட்டிருக்கலாமே?”

கேட்டிருக்கலாம்.

பிறகு அவர் கோபமில்லாமல் விளக்கினார். எனக்குப் புரிந்தவரை உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்தப் பவுடரில் தப்பில்லை. காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கு, வாய்க்குச் சோறு பிடிக்காதவனுக்கு, வீட்டில் பாலே பார்க்காதவனுக்கு அது உதவி. ஆனால் அது சாப்பாட்டோடு கூட வருகிற ஆள்; சாப்பாட்டின் இடத்தில் உட்காருகிற ஆள் இல்லை. இரண்டு ஸ்பூனில் கிடைப்பது ஒரு கைப்பிடி கருவாட்டிலும் கிடைக்கும். மல்லாட்டை, பருப்பு, முட்டை, மீன், மோர் எல்லாமே அந்த ஜாதிதான். சும்மா உட்கார்ந்திருக்கிற என்னைப் போன்றவனுக்கும் அது தினமும் வேண்டும். ஓடுகிறவனுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாக வேண்டும். அதற்காக மூட்டை கணக்கில் வேண்டாம்; நாலு ஸ்பூன் போட்டால் இரட்டைத் தசை வளராது, வயிறுதான் உப்பும். இன்னொன்று. சோறு, கூழ், எண்ணெய் இவை குறைந்தால் உடம்பு எரிக்க விறகில்லாமல் புரோட்டீனையே எடுத்து எரித்துவிடும். அப்போது டின்னில் கொடுத்ததும் அடுப்புக்குப் போய்விடும், சுவருக்குப் போகாது.

மீனும் பாலும் சேர்ந்தால் வெள்ளை விழும் என்பதற்கு, தான் படித்த வரையில் ஆதாரமில்லை என்றார். மனசு ஒப்பவில்லையென்றால் காலையில் பவுடர், மத்தியானம் மீன் என்று தள்ளிக் கொடுங்கள் என்றார். இன்றைக்கே ஆரம்பியுங்கள் என்றார்.

கடலூர் திரும்பி எல்லாவற்றையும் அஞ்சலையிடம் ஒப்பித்தேன். இந்த முறை ஒன்றையும் விடவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தவள், முடிவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அந்த டாக்டரு மீன் சாப்புடுவாரா?”

“இல்ல. சைவம்.”

“மீனே தின்னாதவருக்கு மீனும் பாலும் சேந்தா என்னா ஆவும்னு எப்பிடித் தெரியும்?”

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் அவள் பிடிவாதக்காரி அல்ல. தம்பியின் விலா எலும்பை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ராத்திரி படுத்தவள் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். காலையில் எழுந்ததும் தீர்ப்பு வந்தது. பருப்பும் மல்லாட்டையும் இன்றைக்கே கொடுக்கலாம். மீனும் கொடுக்கலாம்; அப்படியானால் பால் கூடாது. டின்னை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டாள். அதோடு இன்னொரு நிபந்தனை. நாற்பது நாள் குடித்த பால் உடம்பில் ஊறிக் கிடக்கிறது. அது இறங்க ஒரு வாரமாவது ஆகும். அதுவரை மீன் கிடையாது.

“அக்கா, பந்தயத்துக்குப் பதினொரு நாளுதான் இருக்குது” என்றான் கலியபெருமாள்.

“வெள்ள உழுந்தா நாளு கணக்கா பாக்கும்? நீ ஓடுறது ஒரு நாளு. மூஞ்சி ஆயுசுக்கும்.”

அவள் கண் கலங்கியிருந்தது. டாக்டர் தள்ளித் தள்ளிக் கொடுக்கச் சொன்னாரே என்று நான் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம்தான்…

எட்டாம் நாள் காரப்பொடி மீன் வந்தது. பொடி மீன், கழுவி ஆய்வதே பெரிய வேலை. அஞ்சலை ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஆய்ந்தாள். கலியபெருமாள் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. மூன்று நாள் அப்படிச் சாப்பிட்டான். முகத்தில் கொஞ்சம் பளபளப்பு வந்தது. கடைசியாக ஓடிப் பார்த்தபோது பதினேழுக்குக் கொஞ்சம் குறைவு. தேய்ந்தது நாற்பது நாள். கட்டக் கிடைத்தது பதினொரு நாள் பருப்பும் மூன்று நாள் மீனும்.

ஞாயிற்றுக்கிழமை. சிதம்பரம் மைதானம். அஞ்சலை வரவில்லை, வேண்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள். நான் வேலியோரம் ஒரு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதல் சுற்றிலிருந்தே அவன் இரண்டாவதாக ஓடினான். ஓட்டத்தில் பதற்றமில்லை. காலைப் பதித்து எடுப்பதே கண்ணுக்கு நிறைவாக இருந்தது. ஆறாவது சுற்றில் என் பக்கமாக வந்தபோது என்னைப் பார்த்தான். எட்டாவது சுற்றிலும் இரண்டாவதுதான். பக்கத்தில் நின்ற ஒருவர், “அந்தக் கறுப்புப் பனியன் யாரு? நல்லா ஓடுறானே” என்று யாரிடமோ கேட்டார். என் மச்சான் என்று சொல்ல வாய் வரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது.

பத்தாவது சுற்றில் ஒருவன் அவனைத் தாண்டினான். மூன்றாவது. போதும், மூன்று பேர் வேண்டும், அதுவே போதும். பதினோராவது சுற்றிலும் மூன்றாவது. கடைசிச் சுற்றின் பாதியில் அவன் தோள் இரண்டும் மேலே ஏறுவதைப் பார்த்தேன். கால் தன்னுடையதாக இல்லாதபோது அப்படி ஏறும். திருவந்திபுரம் வழியில் எத்தனை நாள் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன்.

நாலாவதாக வந்தான். மூன்றாவது ஆளுக்கும் அவனுக்கும் நாலு முழம் இருக்கும்.

ரயில்வே அதிகாரி மூன்று பெயர்களை எழுதிக்கொண்டார். நல்ல மனிதர். எழுதி முடித்துவிட்டு, தரையில் குந்தியிருந்த கலியபெருமாளிடம் வந்தார். நான் மரத்தை விட்டுக் கொஞ்சம் முன்னால் போயிருந்தேன். அவர் சொன்னது காதில் விழுந்தது.

“உங்கிட்ட ஓட்டம் இருக்கு. ஓட்டத்துக்குண்டான உடம்பு இல்லையேப்பா. வீட்டுல சாப்பாட்டுக்குக் கஷ்டமா?”

“இல்ல சார். எங்க அக்கா நல்லாத்தான் போடுறாங்க” என்றான் அவன்.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். கிள்ளை தாண்டிய பிறகு நான் அவனிடம் சொன்னேன். முதல் நாளே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவ்வளவும் இல்லை என்று சொன்னேன். கேட்காதது என் தப்பு என்று சொன்னேன். இவ்வளவு பேச்சு நான் அவனிடம் ஒரே மூச்சில் பேசியதில்லை.

அவன் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான்:

“உடுங்க மாமா. நீங்க கேட்டுக்கிட்டு வந்திருந்தாலும் அக்கா உட்டிருக்காது.”

ஆறுதலுக்குச் சொன்னான். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கேட்காதவனுக்கு அந்த ஆறுதல் பாத்தியமில்லை.

வீட்டு வாசலில் அஞ்சலை நின்றிருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்தாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தம்பி கால் கழுவுவதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“பத்தியத்தப் பாதியில முறிச்சா இப்பிடித்தான் ஆவும். நாப்பத்தெட்டு நாளு முழுசா உட்டிருந்தா மொதல்ல வந்திருப்பான் எம் தம்பி.”

கலியபெருமாள் என்னைப் பார்த்தான். நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

அஞ்சலைக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். ஆனால் நான் எழுதுவதைப் படிப்பதில்லை… அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் சொல்லிவிட்டேன்.